சின்ன அரசி

கோகிலவாணியிடம் நான் சொன்ன பொய்யிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக அது உண்மையாகிவிடுமா என்ன.

அவள் கணவன் லோகேஸ்வரன் எங்கள் மருத்துவமனையில் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. லேப் கவுன்டருக்கு எதிரே வந்து நின்றாள். இருபத்தெட்டு வயதிருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்ட ரிப்போர்ட்டைக் கண்ணாடி இடுக்கு வழியாக என் பக்கம் தள்ளினாள்.

"இதுல பதினொண்ணு பன்னெண்டுன்னு ஒரு டைம் போட்டிருக்கு. கீழ பதினொண்ணு அம்பத்தெட்டுன்னு இன்னொண்ணு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாராச்சும் சொல்லுங்க."

"பதினொண்ணு பன்னெண்டுக்கு உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல பொட்டாசியம் ஏழு புள்ளி நாலுன்னு வந்திருக்கும்மா. அஞ்சுக்கு மேல போனாலே கவனிக்கணும். ஏழுன்னா இதயம் எப்ப வேணா நின்னுரும். அதை டாக்டருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னது பதினொண்ணு அம்பத்தெட்டுக்கு."

"அவருக்கு நெஞ்சு நின்னது நாப்பத்தொம்பதுக்கு."

"ஆமா."

"சொல்றதுக்கு எதுக்கு அவ்ளோ நேரம்?"

"இப்ப ஃபோன் பண்றதெல்லாம் மெஷின்தாம்மா. ஆளுங்க இல்ல." இதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "நான் அந்த சீட்டுல இருந்திருந்தா அஞ்சே நிமிஷத்துல சொல்லியிருப்பேன்."

அவள் இடுக்கு வழியாகக் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணவனைப் பறிகொடுத்தவள் கண்ணெதிரே அழுகிறாள், எனக்கோ இரண்டு வருடத்தில் முதல்முறையாக மனம் குளிர்ந்தது. மதியம் சாப்பாட்டை நன்றாகவே சாப்பிட்டேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. முப்பது வருடமாக லேப் டெக்னீஷியன். சேலத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். எல்லோருக்கும் நான் அரசி அக்கா. நோயாளிகள் எங்களைப் பார்ப்பதே இல்லை. ஊசி குத்தும் நர்ஸைத் தெரியும், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய டாக்டரைத் தெரியும். அந்த டாக்டர் எதை நம்பி மருந்து எழுதுகிறார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கீழ்த்தளத்தில் ஏசிக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். எங்களிடமிருந்து போகும் எண்ணை நம்பித்தான் அத்தனையும்.

அந்த எண்களில் சில உயிருக்கு ஆபத்தானவை. அவற்றைப் பேனிக் வேல்யூ என்போம். அப்படி ஒன்று வந்தால் ரிப்போர்ட் அச்சாகி மேலே போகும் வரை காத்திருக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் ஃபோன் பண்ண வேண்டும். எடுத்தவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் சொன்னார், யார் கேட்டார், எத்தனை மணி என்று பதிவு செய்ய வேண்டும். எங்கள் வேலையில் கோயில் நடை திறப்பது போல மீற முடியாத நேரம் இது ஒன்றுதான்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ரத்தத்தை அளக்கும் மெஷின் எல்லா ஊரிலும் இருக்கிறது, அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் ஆள்தான் இல்லை என்றார்கள். எந்த எண்ணை நம்பலாம், எதை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும், எப்போது வேறு ரத்தம் கேட்க வேண்டும், எதற்கு ஃபோனை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் கைதேர்ந்த ஒருவரிடமிருந்து ஒரு மெஷின் கற்றுக்கொண்டால் எப்படியிருக்கும் என்று யோசித்திருந்தார்கள். விதிகளை எழுதிக் கொடுத்துக் கற்பிப்பதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளுமாம்.

ஐந்து மாவட்டங்களில் தேடி என்னைப் பிடித்தார்கள். என் மேசைக்கு மேல் கேமரா வைத்தார்கள். பதினோரு வருடப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். நான் அழுத்திய ஒவ்வொரு பட்டன், நான் பேசிய ஒவ்வொரு ஃபோன், குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அதற்குப் பாடம். ஒன்றரை வருடம் இப்படி. முடிவில் அதற்குக் கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. லேப் பிள்ளைகள் சின்ன அரசி என்று கூப்பிட்டார்கள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சின்ன அரசி வந்த ஆறே மாதத்தில் ஒன்பது பேரில் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது முனிராஜ் மட்டும், "உங்களை மாதிரி ஒண்ணு போதும்னு சொல்றாங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். என் கூடவே பதினாலு வருடம் வேலை பார்த்தவன். அவன் முகத்தை அப்போது நான் சரியாகப் பார்க்கவில்லை.

*

லோகேஸ்வரன் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். சிறுநீரகக் கோளாறு. கைகால் அசந்து வருகிறது என்று காலையில் தானே நடந்து வந்திருக்கிறான். டாக்டர் திருவேங்கடத்தின் யூனிட்டில் சேர்த்தார்கள். அவர் மருத்துவமனையிலேயே மூத்தவர். அவர் யூனிட்டுக்கு மட்டும் தனிச் சட்டம். பேனிக் வேல்யூவை நர்ஸிடம் சொல்லக் கூடாது, அவரிடமே சொல்ல வேண்டும்.

அவன் இறந்ததை விசாரிக்க கம்பெனியிலிருந்து ஃபர்ஹானா வந்தாள். வாணியம்பாடிப் பெண். என் மேசைக்குக் கேமரா மாட்டிய அதே பெண்தான். அப்போது "மேடம், கொஞ்சம் இந்தப் பக்கமா உக்காருங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருப்பாள். இப்போது வந்து இரண்டு நாள் சர்வர் அறையில் கிடந்தாள். மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். டீ வேண்டாம் என்றாள்.

"என்னம்மா, உன் மெஷின் ஏன் தூங்கிச்சுன்னு கண்டுபிடிச்சியா?" என்று கேட்டேன். கொஞ்சம் எகத்தாளமாகவே கேட்டேன்.

"தூங்கலை மேடம். அந்த நாப்பத்தாறு நிமிஷமும் வேலை பாத்துட்டுத்தான் இருந்துச்சு. அதே ட்யூபைத் திரும்ப ஓட்டிச்சு. ஏழு புள்ளி நாலு. இன்னொரு தடவை ஓட்டிச்சு. ஏழு புள்ளி அஞ்சு. அப்புறம்தான் ஃபோன் போட்டுச்சு."

"மூணு தடவையா? ஒரே ட்யூபையா? எதுக்கு?"

"அதைத்தான் நானும் பாத்தேன். மத்த டாக்டருங்களுக்கு ஆறு நிமிஷத்துல சொல்லிடுது. திருவேங்கடம் சாருக்கு மட்டும் மூணு தடவை ஓட்டுது."

நான் சிரித்தேன். மெஷினுக்கு என்ன, அவர் மேல் கோபமா என்றேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது சின்ன அரசியோட கணக்கு இல்ல மேடம். உங்களுது. பதினோரு வருஷம். மத்த யூனிட்டுக்கு நீங்க ஃபோன் பண்ண சராசரி ஆறு நிமிஷம். அவர் யூனிட்டுக்கு நாப்பத்தி நாலு. முன்னூத்திப் பதினெட்டு பேனிக் வேல்யூ."

மறுக்கத்தான் முதலில் வாயைத் திறந்தேன். பத்து நிமிடச் சட்டம் இருக்கிறதே, தாண்டினால் சிவப்பு விளக்கு எரியுமே, எப்படி என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க கன்ஃபர்ம் அழுத்தின பிறகுதானே மேடம் அந்தப் பத்து நிமிஷம் ஓட ஆரம்பிக்கும். ரிப்பீட்ல போட்டா ரிசல்ட் இன்னும் வரலைன்னு அர்த்தம். அந்த நேரம் கணக்குலயே வராது. சின்ன அரசி அதையும் உங்ககிட்டேதான் கத்துக்கிச்சு."

ஒரு பழைய காலை நேரம் நினைவுக்கு வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் டாக்டர் திருவேங்கடத்துக்கு ஃபோன் பண்ணினேன். ஒரு பெண் நோயாளி, பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது. ஐந்து நிமிடத்தில் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து அவரே படியிறங்கி லேபுக்கு வந்தார். கையில் அடுத்த ரிப்போர்ட், நாலு புள்ளி எட்டு. ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ குலுங்கினால் அணுக்கள் உடையும். உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, இல்லாத ஆபத்து இருப்பதாகக் காட்டும். உடைந்த ரத்தத்தைப் பார்த்தாலே தெரியும், மேலே தெளிந்து நிற்கும் நீர் சிவந்திருக்கும். டெக்னீஷியனாக ஆனவளுக்கு இது அரிச்சுவடி.

"கெட்டுப்போன சாம்பிளை ஓட்டிட்டு எனக்கு ஃபோன் பண்றியா? கண்ணு தெரியலைன்னா வீட்டுக்குப் போ. இங்க உக்காந்து ஆளைக் கொல்லாத."

ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற நாற்பது பேரும் கேட்டார்கள். நான் எழுந்து நின்று, "ஸாரி சார், என் தப்புதான்" என்றேன். சத்தமாகச் சொல் என்றார். சத்தமாகச் சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் பெயர் போட்ட குழாய் வந்தால் மூன்று முறை. இதை யாரும் கேட்டதில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஜாக்கிரதை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது ஜாக்கிரதையே இல்லை. கெட்ட ரத்தத்தை மூன்று முறை அல்ல, முப்பது முறை ஓட்டினாலும் அதே கெட்ட எண்தான் வரும். மெஷின் சரியாக அளக்கிறதா என்றுதான் அதில் தெரியும், ரத்தம் சரியா என்று தெரியாது. இது தெரியாதவளா நான்? ஃபோனை எடுப்பதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வேலை செய்வது போலவே இருக்கும் சாக்கு.

இதையெல்லாம் ஃபர்ஹானாவிடம் சொல்லி முடித்தேன்.

"சரி, இனிமே அவர் பேருக்கு அப்படிச் செய்யாதேன்னு மெஷினுக்குச் சொல்லிடு. முடிஞ்சது" என்றேன்.

"அவர் பேரே அதுக்குத் தெரியாது மேடம். பேரு, முகம் எதையும் நாங்க குடுக்கலை. ஃபோனை எடுத்ததும் எதிர்க்கேள்வி கேக்கறது, பாதியில கட் பண்றது, நம்பரைத் திருப்பிச் சொல்லாம சத்தம் போடறது, இதெல்லாம் பழைய ஃபோன்ல கேட்டதை வெச்சு ஆளைப் பிடிச்சுக்குது." அவள் சற்றுத் தயங்கினாள். "சின்ன அரசி இப்ப இருவத்தாறு ஆஸ்பத்திரில ஓடுது. எல்லா ஊர்லயும் ஒரு திருவேங்கடம் இருக்காரு மேடம். அது கண்டுபிடிச்சிடுது. போன மாசம் மட்டும் நூத்தி நாப்பது பேனிக் வேல்யூ அரை மணிக்கு மேல நின்னிருக்கு."

திட்டுகிற டாக்டரின் நோயாளிக்குத் தகவல் தாமதம். இருபத்தாறு ஊரில். என் கைப்பக்குவம்.

"அப்ப ரிப்பீட்டையே நிறுத்திடு."

"நிறுத்தினா நீங்க உண்மையாவே சந்தேகப்பட்டு ஓட்டினதும் போயிடும். ட்யூப்ல கட்டி இருந்து, மெஷின் தாறுமாறா ஓடி, தப்பான நம்பர் வந்ததை நீங்க பிடிச்சிருக்கீங்க. இல்லாத பொட்டாசியத்தை இறக்க மருந்து குடுத்தாலும் ஆள் போயிடும், உங்களுக்குத் தெரியாததா?" திரையில் விரலை வைத்து வரிசை வரிசையாக உருட்டினாள். "எது சந்தேகம், எது பயம்னு எங்களால பிரிக்க முடியலை. ரெண்டுலயும் நீங்க அதே பட்டனைத்தான் அழுத்தியிருக்கீங்க. முன்னூத்திப் பதினெட்டையும் நீங்கதான் உக்காந்து பிரிச்சுக் குடுக்கணும். கீழ கையெழுத்தும் போடணும். பொறுப்பெடுத்துக்க ஆள் இல்லாம கம்பெனி ஒரு வரியைக்கூட மாத்தாது."

"கையெழுத்துப் போடலைன்னா?"

"என் ரிப்போர்ட்ல பயிற்சித் தரவில் குறைன்னு மட்டும் எழுதி முடிச்சிடலாம். உங்க பேரு வராது. ஆனா அப்ப எதுவும் மாறாது. முடிவு உங்களுதுதான் மேடம்."

அவள் போன பிறகு கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம். கையெழுத்துப் போட்டால் வேலை போகும், லைசென்ஸ் போகும், போலீஸ் கேஸ்கூட வரலாம். இவை எல்லாவற்றையும் விட, அரசி அக்கா என்ற பெயர் போகும். நூற்றுநாற்பது பேரின் உயிருக்கு எதிர்த்தட்டில் என் பெயரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன்.

*

விசாரணைக் கமிட்டியில் ஐந்து பேர். தலைமை, கண்காணிப்பாளர் டாக்டர் பாகீரதி. அவருக்கு வலப்பக்கம் டாக்டர் திருவேங்கடம். எனக்கும் ஃபர்ஹானாவுக்கும் எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் டாக்டர் திருவேங்கடம் பேசினார்.

"ஈசிஜி மாறுதுன்னு ஜூனியர் சொன்னான். ரிசல்ட் வந்ததும் மருந்தை ஆரம்பிக்கலாம்னு நான்தான் காத்திருந்தேன். வரவே இல்லை. மெஷினை நம்பினா இப்படித்தான். மனுஷங்க இருந்தா இது நடந்திருக்காது."

"அதையேதான் அந்தப் பொண்ணும் எழுதியிருக்கு" என்று பாகீரதி ஒரு காகிதக் கட்டை எடுத்தார். கோகிலவாணி மனு கொடுத்திருந்தாள். இருநூறுக்கு மேல் கையெழுத்து. பட்டறைக்காரர்கள், தெருக்காரர்கள், வேலை போன எங்கள் ஆறு பேர். முனிராஜ் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. பாகீரதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்:

"'அந்த இருக்கையில் அரசி அம்மா அவர்கள் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தகவல் தந்திருப்பார் என்றும், என் கணவர் இன்று உயிரோடு இருந்திருப்பார் என்றும் அறிகிறேன். இதை அவரே என்னிடம் நேரில் தெரிவித்தார். எனவே இயந்திரத்தை நீக்கி, அரசி அம்மா போன்ற மனசாட்சியுள்ள ஊழியர்களை மீண்டும் பணியில் அமர்த்துமாறு...'"

மனசாட்சி என்ற சொல் வரும் வரை நான் பேசுவதாக இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் அந்த அறைக்குள் நுழைந்தேன். ஃபர்ஹானா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முன்னால் இரண்டு ரிப்போர்ட்டுகள் இருந்தன. எதை நீட்டுவது என்று காத்திருந்தாள்.

"மேடம், அந்த சீட்டுல நான்தான் இருந்தேன்" என்றேன்.

"நீங்க அன்னிக்கு தரம் பாக்கற க்யூசி ரூம்லதானேம்மா இருந்தீங்க?" என்றார் பாகீரதி.

"மெஷின் நான் செஞ்சதைத்தான் செஞ்சிருக்கு மேடம். நான் இருந்திருந்தாலும் மூணு தடவைதான் ஓட்டியிருப்பேன். மெஷின் வர்ற வரைக்கும் அப்படித்தான் ஓட்டினேன். சார் யூனிட்டுக்கு மட்டும்."

எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் நின்ற நாற்பது பேரையும், சத்தமாகச் சொல் என்றதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது டாக்டர் திருவேங்கடத்தின் முகத்தையே பார்த்தேன். பதினைந்து வருடமாக அந்த முகத்தை நேராகப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை வருத்தப்படுவார் என்றும்.

அவர் குழப்பத்தோடு நெற்றியைத் தேய்த்தார்.

"நான் உன்னைத் திட்டினேனா? எப்பம்மா? எனக்கு ஞாபகமே இல்லையே."

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நினைவில்லை அவருக்கு. வேலை நாளில் பத்துப் பேரைத் திட்டுகிறவருக்கு எது நினைவிருக்கும். அதை இத்தனை வருடம் நான் மட்டும் சுமந்துகொண்டு, மாசத்துக்கு இரண்டு மூன்று நோயாளிகளின் தலையில் இறக்கி வைத்திருக்கிறேன். ஃபர்ஹானா இரண்டில் தடிமனான ரிப்போர்ட்டை எடுத்து பாகீரதியிடம் நீட்டினாள்.

*

என்னை இடைநீக்கம் செய்தார்கள். ஆனால் பிரித்துக் கொடுக்கும் வேலை முடியும் வரை தினமும் வரச் சொன்னார்கள். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு திரை. ஒவ்வொரு பதிவாக வரும். நான் பயம் அல்லது சந்தேகம் என்று சொல்வேன். ஃபர்ஹானா பதிவு செய்வாள்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் சந்தேகம் என்று சொல்ல மனம் ஆசைப்பட்டது. நாற்பதாவது பதிவுக்குள் அந்த ஆசை போய்விட்டது. சந்தேகப்பட்ட குழாய் ஒவ்வொன்றும் கையில் பிடித்தது போல நினைவிருந்தது, கட்டி எங்கே ஒட்டியிருந்தது என்பது வரை. பயந்து ஓட்டியவற்றில் குழாயே நினைவில்லை, டெலிஃபோன் மட்டும்தான் நினைவிருந்தது. பிரிப்பது ரொம்ப எளிதாக இருந்தது. நாற்பத்தேழு சந்தேகம். இருநூற்று எழுபத்தொன்று பயம்.

அந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று பார்க்கத் தேவையில்லை என்று ஃபர்ஹானா சொன்னாள். நான் பார்த்தேன். பதினாறு பேர் அன்றைக்கே இறந்திருந்தார்கள். எத்தனை பேர் நோயால், எத்தனை பேர் என்னால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதை ஒரு ஆறுதலாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆறாவது நாள் வேலை முடிந்தது. ஃபர்ஹானா திரையை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், இது லிஸ்ட்ல இல்லாதது. அவர் உங்களைத் திட்டினாரே, அந்த சாம்பிளைத் தேடிப் பாத்தேன்."

"அதுக்கென்ன? கெட்டுப்போன சாம்பிள்."

"ட்யூப்ல எவ்வளவு அணு உடைஞ்சிருக்குன்னு பழைய மெஷினும் உள்ளுக்குள்ள ஒரு நம்பர் எழுதி வெச்சிருக்கு. யாரும் திறந்து பாக்கறதில்ல." அவள் விரல் திரையில் ஓர் இடத்தில் நின்றது. சுழியம். "உடையவே இல்லை மேடம். சுத்தமான சாம்பிள். உங்க ஃபோன் வந்ததும் சார் வார்டுக்கு நம்பரை மட்டும் சொல்லியிருக்காரு. ட்யூட்டி டாக்டர் பொட்டாசியத்தை இறக்க ஊசி போட்டுட்டாரு. ஃபார்மசி பதிவுல இருக்கு. சார் ஓ.பி.ல இருந்தாரு, ஊசி போட்டது அவருக்குத் தெரியலை போல. ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்த ரத்தத்துல அதனாலதான் குறைஞ்சிருக்கு. அந்தம்மா பிழைச்சுக்கிட்டாங்க." அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "நீங்க அன்னிக்குச் சரியாத்தான் சொன்னீங்க மேடம்."

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள் பாவம். நான் அந்தச் சுழியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் கத்திக்கொண்டிருந்தபோது அந்தக் குழாய் என் இடது கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்டாண்டில் நின்றது. தூக்கிப் பார்த்திருக்கலாம். மேலே நின்ற நீர் தெளிந்த மஞ்சளாக இருந்திருக்கும். "பாருங்க சார், சாம்பிள் சுத்தமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது வருடத்தில் லட்சம் குழாய்களைத் தூக்கிப் பார்த்தவள் அதை மட்டும் தூக்கவில்லை. எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பயமுறுத்தினார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் கத்தினார், அவ்வளவுதான். கண்ணால் பார்க்கக்கூடியதைப் பார்க்காமல் விட்டவள் நான்.

"இதைக் கமிட்டிக்குச் சொல்லவா? உங்களுக்குச் சாதகமா இருக்கும்" என்றாள் ஃபர்ஹானா.

"சொல்லு. சாதகமா இருக்கும்னு மட்டும் சொல்லாத" என்றேன்.

*

கோகிலவாணியை மருத்துவமனைக்கு வரச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, முறையும் இல்லை. நானே கொண்டலாம்பட்டிக்குப் போனேன். லைன் வீடு. வாசலில் வெல்டிங் முகமூடி ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா, வாங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் சுருக்கினால் எனக்குச் சாதகமாகிவிடும் போலிருந்ததால் முழுவதும் சொன்னேன். முடித்த பிறகு அவள் முகமூடியைப் பார்த்தபடி கேட்டாள்.

"மூணு தடவை ஓட்டுச்சுன்னீங்களே. மூணுலயும் என்ன வந்துச்சு?"

"ஏழு புள்ளி நாலு. ஏழு புள்ளி நாலு. ஏழு புள்ளி அஞ்சு."

"அப்ப முதல் தடவையே சரியாத்தான் வந்துச்சு."

"முதல் தடவையே சரிம்மா."

"அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சுட்டு அழுதேன்" என்றாள். திட்டுவது போலச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

உள்ளே போய் மனுவின் நகலை எடுத்து வந்தாள். இதைக் கலெக்டருக்கும் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். நான் கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினாள். கூடவே ஒரு பேனாவையும்.

"ஆளுங்க வேணும்கிறது வேணும்தான். அந்த முனிராஜ் அண்ணனுக்கும் மத்தவங்களுக்கும் வேலை திரும்பக் கிடைக்கணும். அதை நான் விடமாட்டேன். உங்க பேரை மட்டும் நீங்களே அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு தேடினேன். நாலு இடத்தில் அரசி அம்மா என்று எழுதியிருந்தாள். நாலையும் அடித்தேன். அடித்த பிறகு, ஒன்றும் விட்டுப்போகவில்லையே என்று மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் அவள் கை வந்து தாளை எடுத்துக்கொண்டது.

"ஒரு தடவை போதும்" என்றாள்.